நம் நோய்க் கணக்கு கணினிக்குப் போகும்போது: இலத்திரனியல் சுகாதாரப் பதிவேட்டுச் சந்தை, ஓர் எளிய விளக்கம்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று இலங்கை மலையகத்தின் எந்த ஊரில் இலத்திரனியல் சுகாதாரப் பதிவேடு பற்றிய பேச்சு எழுந்தாலும் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. "இனி எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிடும், கொப்பியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் நம் ஆஸ்பத்திரிகளுக்கு வராது, காசு எங்கே இருக்கிறது" என்பது மற்றக் கட்சி. ஒரு மென்பொருளை வாங்கிப் போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடும் என்ற எண்ணம் இரண்டு கட்சிக்கும் பொதுவானது. அந்த எண்ணம்தான் தவறு.

காசு ஒரு தடை என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பதிவேட்டு மென்பொருளை வாங்குபவர் ஒருவர். அதில் தினமும் தட்டச்சு செய்பவர் இன்னொருவர். அதனால் நன்மை அடைய வேண்டியவர் மூன்றாமவர். நன்மை அடைய வேண்டியவர் நோயாளிதான். ஆனால் விலை பேசும் இடத்தில் அவர் இருப்பதில்லை. இந்தச் சந்தையில் நடக்கும் ஏறக்குறைய எல்லாக் கோணல்களும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. அதைப் புரிந்துகொள்ளக் கணினி அறிவு எதுவும் தேவையில்லை.

எது பதிவேடு, எது இல்லை

முதலில் வெளிநோயாளர் சிகிச்சை. வார்டில் அனுமதிக்கப்படாமல், வைத்தியரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்பும் சிகிச்சைக்கு அந்தப் பெயர். அரசாங்க ஆஸ்பத்திரியின் ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு), மாதாந்தக் கிளினிக், டவுனில் மாலையில் திறக்கும் தனியார் டிஸ்பென்சரி, தேயிலைத் தோட்டத்து மருந்தகம் ஆகிய எல்லாம் இதற்குள் அடங்கும். நம்மில் பெரும்பாலோர் வைத்தியரைச் சந்திப்பது இந்த வாசல்களில்தான்.

நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ கிளினிக் போகிறவர்களிடம் ஒரு கொப்பி இருக்கும். அதுவும் ஒரு சுகாதாரப் பதிவேடுதான். அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அது நோயாளியோடு பயணம் செய்கிறது. மின்சாரம் இல்லாவிட்டாலும் திறக்கிறது. டிக்கோயாவில் எழுதியதைக் கண்டியில் இருக்கும் வைத்தியர் புரட்டிப் பார்க்கலாம். கோடிக்கணக்கில் செலவழித்த பல கணினி முறைகளால் இன்றுவரை இதைச் செய்ய முடியவில்லை.

அதன் குறைகளும் உண்மையானவை. ஒரே ஒரு பிரதிதான் உண்டு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் பல இடங்களில் மண்ணைச் சரித்தது. வீடு மண்ணுக்குள் போகும்போது கொப்பியும் போய்விடும். மறுநாள் முகாமில் வைத்தியர் "என்ன மருந்து குடிக்கிறீர்கள்?" என்று கேட்டால், "ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை" என்றுதான் பதில் வரும். இன்னொரு குறை, கொப்பிகளிடம் கேள்வி கேட்க முடியாது என்பது. மூன்று மாதமாகக் கிளினிக்குக்கு வராத நீரிழிவு நோயாளிகள் யார் யார் என்று அறிய வேண்டுமானால், ஒருவர் உட்கார்ந்து பதிவுப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் ஆள் இல்லை.

இலத்திரனியல் சுகாதாரப் பதிவேடு என்பது, ஒருவரின் நோய்கள், மருந்துகள், பரிசோதனை முடிவுகள், ஒவ்வாமைகள் ஆகியவற்றைக் காலவரிசையில், தேடக்கூடிய வடிவில் கணினியில் வைத்திருப்பது. அனுமதி உள்ள வைத்தியர் எந்த ஆஸ்பத்திரியில் இருந்தாலும் அதைப் பார்க்க முடிவது. இதில் 'தேடக்கூடிய' என்பதும் 'எந்த ஆஸ்பத்திரியில் இருந்தாலும்' என்பதும் கட்டாயம். இந்த இரண்டும் இல்லாத பலவற்றை நாம் இதே பெயரால் அழைத்துக் குழப்பிக்கொள்கிறோம். தொலைபேசியில் சனல் இலக்கம் போடுவது முன்பதிவு மட்டுமே. இரத்தப் பரிசோதனை முடிவு குறுஞ்செய்தியாக வருவது ஆய்வுகூடத்தின் வசதி. கொப்பிப் பக்கத்தைப் படம் பிடித்துக் கணினியில் போடுவது வெறும் படம். அதற்குள் இருக்கும் மருந்தின் பெயர் கணினிக்குத் தெரியாது. டிஸ்பென்சரி மேசையில் ஒரு திரை ஒளிர்கிறது என்பதற்காக அங்கே பதிவேடு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

சுருக்கமாக: கொப்பி பயணம் செய்யும், ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லாது. நல்ல இலத்திரனியல் பதிவேடு இரண்டையும் செய்ய வேண்டும். முன்பதிவு, குறுஞ்செய்தி, படம் எல்லாம் வேறு.

கணினிக்கு நீங்கள் யார்?

இந்தத் துறையில் மிகக் கடினமான வேலை எது என்று கேட்டால், நோயைக் கண்டுபிடிப்பது என்று பலர் நினைப்பார்கள். ஆளைக் கண்டுபிடிப்பதுதான் அது. மலையகத்தில் அது இன்னும் கடினம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ராஜேஸ்வரி என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். பதிவு மேசையில் இருப்பவர் தமிழ் அறியாதவராக இருந்தால், காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் பதிவார். ஒரு தடவை நெடில் தெரிய எழுதுவார்கள், இன்னொரு தடவை குறிலாக. கடைசி எழுத்து ஆளுக்கு ஆள் மாறும். திருமணத்துக்கு முன் தகப்பன் பெயரின் முதலெழுத்து, பின்னர் கணவன் பெயரின் முதலெழுத்து. விலாசம் கேட்டால் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயம். அதே லயத்தில் இன்னும் இரண்டு ராஜேஸ்வரிகள் இருக்கக்கூடும். தொலைபேசி இலக்கம் மகனுடையது. அவன் கொழும்புக்கு வேலைக்குப் போனதும் இலக்கம் மாறிவிடும். முதியவர்களில் சிலருக்குப் பிறந்த திகதியே மதிப்பீடுதான். அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத் தேடலாம் என்றால், 2016 முதல் 12 இலக்கங்கள் கொண்ட புதிய எண் வந்தது. அதற்கு முன்னையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். அவசரத்தில் ஆஸ்பத்திரிக்கு வருபவர் அட்டையைக் கொண்டுவருவதும் நிச்சயமில்லை. குழந்தைகளுக்கோ அட்டையே கிடையாது.

இதன் விளைவு இரண்டு விதமாக வரும். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பதிவுகள் உருவாகிவிடுவது முதலாவது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு பழைய பதிவில் இருக்கும். இன்று திறக்கப்பட்ட பதிவு வெறுமையாக இருக்கும். வைத்தியர் வெறுமையைப் பார்த்துவிட்டு, ஒவ்வாமை இல்லை என்று எடுத்துக்கொள்வார். இரண்டாவது இதைவிட ஆபத்தானது: இரண்டு பேரின் விவரங்கள் ஒரே பதிவில் கலந்துவிடுவது. ஒரு ராஜேஸ்வரியின் நீரிழிவு மருந்து மற்ற ராஜேஸ்வரியின் பட்டியலில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இதற்கு மருந்து, வாழ்நாள் முழுவதற்கும் ஒரே எண். இலங்கையில் சுகாதார அமைச்சு இதற்காகத் தனிநபர் சுகாதார இலக்கம் என்ற ஒன்றை வைத்திருக்கிறது. கணினி முறை இயங்கும் ஆஸ்பத்திரிகளில் பட்டைக்குறி அச்சிட்ட அட்டையாக அது தரப்படுகிறது. அட்டையைத் தொலைத்துவிட்டோம் என்று சொல்லிப் புதிய எண் வாங்கிக்கொள்வது சிறு விஷயம் போலத் தோன்றும். பழைய எண்ணோடு பழைய நோய்க் கணக்கும் தொலைந்துவிடும் என்பதை மேசையில் இருப்பவரும் நோயாளியும் உணர வேண்டும்.

ஆள் சரியாகத் தெரிந்த பிறகு அடுத்த படி எளிது. ஒரு வைத்தியர் 'பிரஷர்' என்றும், இன்னொருவர் 'உயர் இரத்த அழுத்தம்' என்றும், மூன்றாமவர் இரண்டெழுத்துச் சுருக்கமாகவும் எழுதினால் கணினி மூன்று நோய் என்று நினைக்கும். ஆகவே நோய்களுக்குக் குறியீடு வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் சாதாரண உயர் இரத்த அழுத்தம் ஐ10. இரண்டாம் வகை நீரிழிவு ஈ11. குறியீடு இருந்தால்தான் கணினியால் எண்ண முடியும், தேட முடியும், "இந்த நோயாளிக்கு இந்த மருந்து வேண்டாம்" என்று எச்சரிக்க முடியும்.

ஆக, ஆளுக்கு ஓர் எண், நோய்க்கு ஒரு குறியீடு. இந்த இரண்டும் ஒழுங்காக இல்லாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த மென்பொருளும் பயனற்றது.

பணம் கொடுப்பவர் எழுதும் எச்சரிக்கைகள்

இனிச் சந்தை. உலகில் இது மிகப் பெரிதாக வளர்ந்த இடம் அமெரிக்கா. அங்கே என்ன நடந்தது என்பது நமக்கு நல்ல பாடம்.

அமெரிக்காவில் வைத்தியருக்குப் பணம் பெரும்பாலும் காப்புறுதியிலிருந்து வருகிறது. காப்புறுதி நிறுவனம் பணம் தர வேண்டுமானால், என்ன செய்தீர்கள் என்பதைக் குறியீட்டோடு எழுதிக் காட்ட வேண்டும். ஆகவே மென்பொருள்கள் பில்லை நன்றாக எழுதுவதற்காகவே கூர்மையாக்கப்பட்டன. 2008இல் கிளினிக் வைத்தியர்களில் பத்துக்கு நான்கு பேரளவில்தான் ஏதாவது ஒரு கணினிப் பதிவேட்டைப் பயன்படுத்தினார்கள். 2009இல் அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றிப் பணத்தை இறக்கியது. சான்றிதழ் பெற்ற மென்பொருளை நிபந்தனைப்படி பயன்படுத்தும் வைத்தியருக்கு, முதியோர் காப்புறுதித் திட்டத்தின் வழியாக மட்டும் 44,000 டொலர் வரை ஊக்கத்தொகை கிடைத்தது. பின்னர், பயன்படுத்தாதவர்களுக்குக் கொடுப்பனவு குறைக்கப்பட்டது. 2021இல் பத்துக்கு ஒன்பது பேரளவில் கணினிக்கு மாறியிருந்தார்கள்.

வேகம் வியப்பானது. ஆனால் அரசாங்கம் கொடுத்த பணம் வைத்தியர் கைவழியாக மென்பொருள் நிறுவனங்களுக்குப் போனது. மென்பொருள் வைத்தியருக்கு எளிதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. சான்றிதழ் கிடைத்தால் போதும். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் நான்கு மாநிலங்களின் 57 வைத்தியர்களைப் பக்கத்தில் நின்று கவனித்தார்கள். நோயாளியோடு முகம் பார்த்துச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பதிவேட்டிலும் மேசை வேலையிலும் கழிந்தது. 2017இல் ஈகிளினிக்கல்வேர்க்ஸ் என்ற நிறுவனம், தன் மென்பொருள் சான்றிதழுக்கான நிபந்தனைகளை நிறைவுசெய்யாததை மறைத்துச் சான்றிதழ் வாங்கியதாக எழுந்த குற்றச்சாட்டைத் தீர்க்க 15.5 கோடி டொலர் கொடுக்க உடன்பட்டது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது பிராக்டிஸ் ஃபியூஷன் என்ற நிறுவனத்தின் கதை. அது சிறு கிளினிக்குகளுக்குப் பதிவேட்டு மென்பொருளை இலவசமாகக் கொடுத்தது. வருமானம் விளம்பரத்திலிருந்து வந்தது. வைத்தியர்கள் மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார்கள். பின்னர் தெரியவந்தது: வலி நிவாரணிகளில் பழக்கத்தை ஏற்படுத்தும் அபின்வகை மருந்துகளைத் தயாரிக்கும் ஒரு கம்பெனியிடமிருந்து பணம் வாங்கிக்கொண்டு, வைத்தியரின் திரையில் தோன்றும் எச்சரிக்கைகளை அந்த மருந்துகளுக்குச் சாதகமாக வடிவமைத்திருந்தார்கள். வைத்தியருக்கு அது மருத்துவ ஆலோசனை போலத் தெரிந்தது. 2020 ஜனவரியில் அந்த நிறுவனம் 14.5 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. நாளை யாராவது நம் ஊர் டிஸ்பென்சரிகளுக்கு இலவச மென்பொருள் என்று வந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி "உங்களுக்குப் பணம் யார் தருகிறார்கள்?" என்பதுதான்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. அங்கே ஒவ்வொருவரும் ஒரு குடும்ப வைத்தியரிடம் பதிந்திருப்பார்கள், செலவு அரசாங்கத்துடையது. ஆள் இடம் மாறினால் பதிவு புதிய வைத்தியருக்கு அனுப்பப்படும். அங்கே சந்தை நாளடைவில் பெரும்பாலும் எமிஸ், டிபிபி என்ற இரண்டு நிறுவனங்களுக்குள் சுருங்கிவிட்டது. அதில் நன்மையும் உண்டு, பேரம் பேசும் வலு குறைந்துபோன தீமையும் உண்டு.

ஆகவே, பணம் எந்த வழியாக வருகிறதோ அந்த வழிக்கு ஏற்பவே மென்பொருள் வளைந்துகொள்கிறது. காப்புறுதி கொடுத்தால் பில்லுக்கு. விளம்பரம் கொடுத்தால் விளம்பரதாரருக்கு. அரசாங்கம் சான்றிதழுக்குக் கொடுத்தால் சான்றிதழுக்கு.

நம் மலையில் யார் வாங்குவார்கள்?

அமெரிக்காவில் பில்தான் வண்டியை இழுத்தது. இலங்கையில் அரசாங்க ஓபிடியில் பில்லே இல்லை, சிகிச்சை இலவசம். அது நம் நாட்டின் பெரும் சாதனை, அதை எந்தக் கணினிக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் சந்தைக் கண்ணால் பார்த்தால், ஒரு நோயாளியின் பதிவை நன்றாக எழுதினாலும் மோசமாக எழுதினாலும் ஆஸ்பத்திரிக்கு வரும் பணம் மாறுவதில்லை. எழுதுவதற்கான தூண்டுதல் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும்.

தனியார் டிஸ்பென்சரியில் வைத்தியர் பார்த்து, அவரே மருந்தும் கொடுத்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொகை வாங்குவது வழக்கம். நோயாளி கையிலிருந்து காசு கொடுக்கிறார். அந்த வைத்தியருக்கு மென்பொருளால் உடனடியாகக் கிடைக்கக்கூடிய பயன், எந்த மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எது காலாவதியாகப் போகிறது என்ற கணக்கு. நோயாளியின் வரலாற்றை இன்னொரு வைத்தியர் பார்க்கும்படி எழுதிவைப்பதில் அவருக்கு வருமானம் இல்லை. சொந்த நேரம்தான் செலவு. நல்ல மனம் கொண்ட வைத்தியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்; ஆனால் நல்ல மனத்தை நம்பி மட்டும் ஒரு சந்தை இயங்காது.

எனவே வாங்கக்கூடிய பெரிய கை அரசாங்கம்தான். அதுவும் ஒரே கை இல்லை. பெரிய போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழ். சிறிய ஆஸ்பத்திரிகள் பல மாகாணங்களின் கீழ். ஹப்புத்தளையில் இருப்பவர் ஊவா மாகாணத்தவர். அவரைக் கண்டிக்கோ பேராதனைக்கோ அனுப்பினால் மாகாண எல்லையும் நிர்வாக எல்லையும் தாண்டுகிறார். நம் நாட்டில் யாரும் எந்த ஓபிடிக்கும் போகலாம். அந்தச் சுதந்திரம் அருமையானது. ஆனால் பதிவும் அதே சுதந்திரத்தோடு போக வேண்டும் என்பதால் வேலை கடினமாகிறது.

உள்நாட்டு முயற்சி இல்லாமல் இல்லை. கம்பஹா மாவட்டத்தின் தொம்பே ஆஸ்பத்திரியில் 2010களின் தொடக்கத்தில் ஓபிடியைக் கணினிமயப்படுத்தி, அதில் வளர்ந்த மென்பொருளைத் திறந்த மூலமாக மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் கொண்டுபோனார்கள். திறந்த மூலம் என்றால், மென்பொருளின் நிரல் எல்லோரும் பார்க்கவும் மாற்றவும் கூடியதாக இருப்பது; உரிமக் கட்டணம் இல்லை. கோவிட் காலத்தில், 2020இல், நோய்த் தொற்றைப் பின்தொடர டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்த மூல மென்பொருளில் இலங்கைச் சுகாதாரத் துறையினர் விரைவாக உருவாக்கிய வடிவத்தை வேறு நாடுகளும் எடுத்துப் பயன்படுத்தின. நம்மிடம் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

விலைச் சீட்டில் இல்லாத செலவு

உரிமம் இலவசம் என்றால் எல்லாம் இலவசம் என்று நினைப்பது அடுத்த தவறு. மென்பொருளின் விலை மொத்தச் செலவில் ஒரு பங்குதான். கணினிகள், கம்பிவழி இணைப்பு, மின்சாரம் போனால் தாங்கும் மின்கலம், பட்டைக்குறி வாசிக்கும் கருவி, பயிற்சி, பழுதானால் மலையேறி வந்து பார்க்க ஓர் ஆள் என்று பட்டியல் நீளும். 2022இல் நாடு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்டது. மழைக் காலத்தில் இங்கே இணைய இணைப்பு எந்த நேரம் போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே இணைப்பு அறுந்தாலும் உள்ளூரில் தொடர்ந்து எழுதி, இணைப்பு வந்ததும் மையத்தோடு சேர்த்துக்கொள்ளும் மென்பொருள்தான் மலைக்குப் பொருந்தும். கொழும்பில் நன்றாக ஓடியது என்பது போதுமான சான்று இல்லை.

கண்ணுக்குத் தெரியாத பெரிய செலவு நேரம். ஒரு காலையில் ஒரு வைத்தியர் நூறு பேரைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தட்டச்சுக்காக ஒருவருக்கு ஒரே ஒரு நிமிடம் கூடினாலும், ஒரு மணி நாற்பது நிமிடம் கூடிவிடும். வரிசையின் கடைசியில் நிற்பவர் யார்? விடிகாலையில் பஸ் ஏறி, அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த கொழுந்து பறிக்கும் பெண். அவருடைய நன்மைக்காகத்தான் பதிவேடு என்று சொல்லிக்கொண்டு, அதன் விலையை அவரிடமே நேரமாக வாங்குவது நியாயமில்லை. பதிவைத் தாதியும் மருந்தாளரும் பங்கிட்டுக்கொள்வது, அடிக்கடி வரும் நோய்களுக்கு ஒரே தொடுகையில் மருந்துப் பட்டியல் வருவது, முதலில் கிளினிக் நோயாளிகளை மட்டும் பதிவது என்று இதற்கு வழிகள் இருக்கின்றன. காய்ச்சலுக்கு ஒரு தடவை வந்து போகிறவரின் முழு வரலாறும் முதல் நாளிலிருந்தே தேவையில்லை. மாதா மாதம் வரும் நீரிழிவு நோயாளியின் வரலாறு கட்டாயம் தேவை. தொடங்க வேண்டிய இடம் கிளினிக்தான் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று. திட்டப் பணம் வேறு, ஆண்டுச் செலவுப் பணம் வேறு. வெளிநாட்டு உதவியிலோ விசேட ஒதுக்கீட்டிலோ கணினிகள் வந்துவிடும், திறப்பு விழா நடக்கும், படம் பத்திரிகையில் வரும். மூன்றாம் ஆண்டில் மின்கலம் செத்துவிடும். அதை மாற்ற ஆஸ்பத்திரியின் ஆண்டுச் செலவில் தலைப்பே இருக்காது. கணினிகளுக்கு மேல் துணி போர்த்தப்பட்டு, புத்தகங்கள் மறுபடி மேசைக்கு வரும். இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் சாகும் விதம் இதுதான்.

நினைவில் வைக்க வேண்டியது: மென்பொருளின் விலையைக் கேட்பதோடு நிறுத்தக் கூடாது. ஐந்தாம் ஆண்டின் பராமரிப்புக்கு யார் பணம் தருவார்கள், தட்டச்சு நேரத்தை யார் சுமப்பார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

துண்டு

சந்தையைப் பற்றிய மிக முக்கியமான சொல் 'பூட்டு'. ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் பத்து ஆண்டு தரவுகளைச் சேர்த்துவிட்ட பிறகு, வேறு நிறுவனத்துக்கு மாற முடியாமல் போவதைத்தான் பூட்டப்படுவது என்கிறார்கள். தரவு உங்களுடையது என்று ஒப்பந்தம் சொல்லும். ஆனால் அதை வெளியே எடுத்துத் தரக் கட்டணம் கேட்பார்கள்; அல்லது வேறெந்த மென்பொருளும் வாசிக்க முடியாத வடிவத்தில் தருவார்கள்.

இது நம் மக்களுக்குப் புதிதாக விளக்க வேண்டிய விஷயம் இல்லை. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து மேற்பார்வை செய்த கங்காணிகளின் காலத்தில் துண்டு என்று ஒன்று இருந்தது. ஒரு தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால், அவருடைய கடனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று பழைய தோட்டம் எழுதித் தரும் தாள் வேண்டும். தாள் இல்லாமல் வேறு தோட்டம் வேலைக்கு எடுக்காது. அவருடைய உழைப்பு அவருடையதுதான். ஆனால் அதை எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமை இன்னொருவர் கையில் இருந்தது. 1921இல் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. நம் நோய்க் கணக்கு ஒரு நிறுவனத்தின் சேவையகத்தில், அதாவது எல்லாத் தரவும் தங்கியிருக்கும் மையக் கணினியில், அடைபட்டு, வெளியே எடுக்க அந்த நிறுவனத்தின் தயவு வேண்டியிருந்தால், அது அதே கணக்குத்தான்.

பூட்டைத் திறக்கும் சாவி தரநிலை. வெவ்வேறு நிறுவனங்களின் மென்பொருள்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும்படி, மருந்தின் பெயர் இந்தக் கட்டத்தில், அளவு இந்தக் கட்டத்தில், திகதி இந்த வடிவில் என்று முன்கூட்டியே உடன்பட்டுக்கொள்வதே தரநிலை. இதற்காக எச்எல்7 என்ற அமைப்பு 1987 முதல் இயங்கிவருகிறது. அதன் இன்றைய தரநிலையான எஃப்எச்ஐஆர் உலகம் முழுவதும் பரவிவருகிறது. இலங்கைச் சுகாதார அமைச்சும் தேசிய வழிகாட்டல்களையும் தரநிலைகளையும் வெளியிட்டிருக்கிறது. ஆனால் சந்தையில் முன்னிற்கும் நிறுவனத்துக்குக் கதவைத் திறந்துவைப்பதில் இலாபம் இல்லை. அமெரிக்காவிலேயே இது தானாக நடக்கவில்லை. தரவை வேண்டுமென்றே தடுத்துவைப்பதைத் தடைசெய்ய 2016இல் சட்டம் போட வேண்டியிருந்தது. வாங்கும்போதே, ஒப்பந்தத்தில் கையெழுத்து இடுவதற்கு முன்பே, "நாங்கள் விலகினால் முழுத் தரவையும் பொதுத் தரநிலையில், கட்டணமின்றித் தர வேண்டும்" என்று எழுதி வாங்குவதுதான் வழி. பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

தோட்டத்து மருந்தகமும் துரையின் மேசையும்

மலையகத்துக்கே உரிய ஒரு கேள்வியை இந்தத் துறையின் பொதுவான விளக்கங்கள் எதிலும் காண முடியாது. தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றுவிட்டது. ஆனால் தோட்டத்து மருந்தகங்கள் பல இன்னும் கம்பெனி நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. அங்கே இருக்கும் வைத்திய உதவியாளர் தோட்டத்தின் சம்பளக்காரர். அங்கே கணினி வந்தால் அதை வாங்குபவர் தோட்டக் கம்பெனி. அதாவது, நோயாளியின் முதலாளி.

புத்தகத்தில் எழுதப்பட்டது மருந்தகத்து அலுமாரிக்குள் இருக்கும். கணினியில் எழுதப்பட்டது, அனுமதி அமைப்பைச் சரியாகச் செய்யாவிட்டால், துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், அலுவலகத்திலிருந்தும் திறக்கும். யார் கர்ப்பமாக இருக்கிறார், யார் எந்தக் கருத்தடை முறையைப் பயன்படுத்துகிறார், யாருக்குக் காசநோய், யார் மனநோய்க்கு மருந்து எடுக்கிறார், யாருடைய முதுகு இனிக் கூடை தாங்காது என்பதெல்லாம் பெயர் பதிபவருக்கும் சம்பளம் போடுபவருக்கும் தெரிய வேண்டியவை இல்லை. தெரிந்தால், எந்த மலைக்கு யாரை அனுப்புவது, யாருக்கு வேலை கொடுப்பது என்ற முடிவுகளுக்குள் அது நுழைந்துவிடும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தரவைக் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய சிறப்பு வகையில் சேர்த்திருக்கிறது. சட்டத்தைத் தாண்டி, மென்பொருளிலேயே செய்யக்கூடிய ஏற்பாடுகள் இரண்டு உண்டு. ஒன்று, பதவிக்கு ஏற்ற அனுமதி: மருந்து கொடுப்பவர் மருந்துப் பட்டியலைப் பார்க்கலாம், அலுவலகம் எத்தனை நாள் மருத்துவ விடுமுறை என்பதை மட்டும் பார்க்கலாம், நோயின் பெயரைப் பார்க்க முடியாது. மற்றது, திறப்புப் பதிவு: யார், எந்த நாளில், எந்த நேரத்தில், யாருடைய பக்கத்தைத் திறந்தார்கள் என்பதைக் கணினி தானே குறித்துக்கொள்வது. இந்தக் குறிப்பை அழிக்கும் அதிகாரம் தோட்ட நிர்வாகத்திடம் இருக்கக் கூடாது.

தொழிற்சங்கங்கள் சம்பளத்தையும் வீட்டையும் பற்றிப் பேசும் மேசையில் இதையும் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்க வேண்டியவை தெளிவானவை: மருந்தகத்துப் பதிவுகள் எந்தச் சேவையகத்தில் இருக்கும், அதன் திறவுகோல் சுகாதாரத் துறையிடமா கம்பெனியிடமா, தோட்டத்தை விட்டு விலகும் தொழிலாளிக்கு அவருடைய முழுப் பதிவும் பிரதியாகக் கிடைக்குமா, அது தமிழில் வாசிக்கக்கூடியதாக இருக்குமா. மென்பொருள் வாங்கப்பட்ட பிறகு இவற்றைக் கேட்டால், மாற்றுவதற்கு இவ்வளவு செலவாகும் என்ற பதில்தான் வரும். விலை கோரும் அறிவித்தல் வெளியாவதற்கு முன்பே கேட்டால், அந்த அறிவித்தலிலேயே நிபந்தனைகளாகச் சேர்க்க முடியும்.